இடமும் காலி, ஆளும் வீட்டில்: வேலை தேடும் செலவு யார் தலையில்?

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தில் மரவேலை செய்பவன். மகள் பி.காம். முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எட்டு மாதம் டேலியும் ஜிஎஸ்டி வேலையும் பார்த்தாள். சென்னைக்கும் கோவைக்குமாக ஆறு முறை நேர்காணலுக்கு அழைத்துச் சென்றேன். இருவர் போய்வர ஒவ்வொரு முறையும் 3,000 ரூபாய் ஆகிறது. அதோடு நாளுக்கு 900 ரூபாய் வீதம் எனக்கு இரண்டு நாள் கூலியும் போகிறது. சென்னையில் ஓர் இடத்தில் மட்டும் 13,000 ரூபாய் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். விடுதிக்கே 6,500 போய்விடும் என்று விட்டுவிட்டோம். மற்ற இடங்களிலும் 12,000, 13,000 என்றே பேசினார்கள். கோவையில் ஒரு நிறுவனத்தில் மேலாளராக இருக்கும் என் மைத்துனரோ, தங்கள் கணக்குப் பிரிவில் இரண்டு இடங்கள் ஐந்து மாதமாகக் காலியாகக் கிடப்பதாகவும், வருகிறவர்கள் யாரும் தேறவில்லை என்றும் சொல்கிறார். உறவுக்குள் வேலை கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆள் இல்லை என்பது உண்மையா, வேலை இல்லை என்பது உண்மையா? நகையை அடகு வைத்து மகளை மூன்று மாதம் சென்னையில் தங்கித் தேடச் சொல்லலாமா? 25,000 ரூபாய் கட்டினால் வேலை உறுதி என்று ஓர் ஏஜென்சி சொல்கிறது; கட்டலாமா?

பதில்: அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்ட வேண்டாம். ஆளைத் தேடித் தருவதற்கான கட்டணத்தை ஆள் தேவைப்படும் நிறுவனத்திடம் வாங்குவதுதான் முறையான ஏஜென்சியின் வழக்கம். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையும், வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே பொதுவிதியாகச் சொல்கிறது. வேலையை முன்கூட்டியே "உறுதி" என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் பெரும்பாலும் வேலை இருக்காது. ஏற்கெனவே முன்பணம் அனுப்பியிருந்தால், இணையவழிப் பணமோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு இன்றே பேசுங்கள்.

இனி, முதல் கேள்வி. ஆள் இல்லை என்பதும் வேலை இல்லை என்பதும் ஒரே நேரத்தில், ஒரே மாநிலத்தில், ஒரே குடும்பத்துக்குள்கூட உண்மையாக இருக்கலாம். உங்கள் வீடும் உங்கள் மைத்துனரின் அலுவலகமும் அதற்குச் சாட்சி. பாடநூல்களின் முதல் அத்தியாயங்களில் வரும் சந்தையில் இது நடக்காது. அங்கே காலியிடமும் ஆளும் செலவில்லாமல் நொடியில் சந்தித்துக்கொள்கிறார்கள். நடப்பில் காலியிடம் எங்கே இருக்கிறது என்று அறியவும், அங்கே போய்ச் சேரவும், தன்னை நிரூபிக்கவும் ஒருவருக்குப் பணமும் நாளும் ஆகின்றன. வந்தவர்களில் யார் தகுந்தவர் என்று கண்டுபிடிக்க மற்றவருக்கு ஆகின்றன. இந்தச் செலவுகள் வேலையின்மையை எப்படி உருவாக்குகின்றன என்று ஆராய்ந்ததற்காகத்தான் பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிசரிடீஸ் ஆகிய மூவருக்கும் 2010இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது.

காலியிடங்களையும் வேலையற்றோரையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் கோட்டுக்குப் பெவரிட்ஜ் வளைகோடு என்று பெயர். அந்தப் பெயருக்குரிய பிரிட்டிஷ் பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜ் 1879இல் அன்றைய வங்காளத்தின் ரங்பூரில் பிறந்தவர். ஒவ்வொரு தொழிற்சாலை வாசலாகக் கால்நடையாக அலைந்து வேலை கேட்கும் பிரிட்டிஷ் தொழிலாளியின் நிலைக்குத் தீர்வாக அவர் வாதாடிப் பெற்ற ஏற்பாடுதான் 1910இல் அங்கே திறக்கப்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள். நாம் மாவட்டத் தலைநகரங்களில் பதிவு செய்துவிட்டு மறந்துபோகும் அலுவலகங்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இந்தியாவில் அவை இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காக 1945இல் தொடங்கின. அலைச்சலைக் குறைப்பதற்கென்றே பிறந்த ஏற்பாடு அது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

உங்கள் கணக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் விஷயம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. பயணச் செலவு 3,000, இழந்த கூலி 1,800. ஆக, ஒரு நேர்காணலின் விலை 4,800 ரூபாய். ஆறு நேர்காணலுக்கு 28,800. 13,000 ரூபாய் வேலையை விட்டுவிட்டு 16,000 ரூபாய் வேலைக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றும், அப்படி ஒன்று கிடைக்க இன்னும் ஆறு நேர்காணல்கள் தேவைப்படும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கிடைக்கப்போவது மாதம் 3,000 ரூபாய். தேடச் செலவிட்டது திரும்பி வரவே ஏறத்தாழ பத்து மாதங்கள் ஆகும்; அதுவரை சம்பளம் இல்லாமல் போகும் நாட்களை நான் இதில் சேர்க்கவே இல்லை. இப்போது, அதே பெண், அதே படிப்பு, அதே சந்தை, ஆனால் வீடு தாம்பரத்தில் என்று கொள்ளுங்கள். ஒரு நேர்காணலுக்கு 200 ரூபாய் ஆகும். துணைக்கு யாரும் வேண்டாம். ஆறு நேர்காணலுக்கு 1,200 ரூபாய். புதுச் சம்பளத்தின் முதல் மாதத்திலேயே அது திரும்பிவிடும். தாம்பரத்துப் பெண் 13,000 ரூபாயை மறுப்பது அறிவுடைமை. தென்காசிப் பெண் அதை மறுப்பது துணிச்சல். இருவருக்கும் திறமையில் வேறுபாடு இல்லை. வாசலுக்கும் வேலைக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் வேறுபாடு.

இதற்குக் கீழே போனால் வேலையை ஏற்பதில்லை என்று ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்கும் எல்லையைக் கீழெல்லைச் சம்பளம் என்போம். தேடும் செலவு ஏற ஏற, அந்த எல்லை இறங்கும். ஓரளவுக்கு மேல் இறங்கினால் மனிதர் தனக்குப் பொருந்தாத வேலையில் உட்கார்ந்துவிடுவார், அல்லது தேடுவதையே விட்டுவிடுவார். பின்னது நம் ஊர்ப் பெண்களுக்கு அதிகம் நேர்வது. இரண்டு ஆண்டுகள் முயன்று களைத்த ஒரு பெண், மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புக்கு வருபவரிடம் வீட்டு வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டால், அவர் வேலையற்றோர் பட்டியலில் இருக்க மாட்டார். உழைப்புச் சந்தைக்கு வெளியே நிற்பவராகப் பதிவாவார். அவரைத் துரத்தியது பேருந்துக் கட்டணமும் தந்தையின் இரண்டு நாள் கூலியும்தான் என்பது எந்த அட்டவணையிலும் வராது.

எல்லா இடத்திலும் 12,000, 13,000 என்றே சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் விளக்கம் உண்டு. டயமண்ட் 1971இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் காட்டியது. அவர் எழுதியது பொருள்களின் விலையைப் பற்றி, ஆனால் சம்பளத்துக்கும் அது பொருந்தும். நேர்காணலுக்கு வந்து எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே செலவழித்துவிட்டு வந்தவர், அடுத்த இடத்துக்குப் போக மீண்டும் செலவழிக்க வேண்டியவர் என்பது முதலாளிக்குத் தெரியும். ஆகவே 200 ரூபாய் குறைத்துச் சொன்னாலும் அவர் எழுந்து போக மாட்டார். எல்லா முதலாளிகளும் இப்படியே யோசித்தால், யாரும் கூடிப் பேசாமலேயே, சதி எதுவும் இல்லாமலேயே, சம்பளங்கள் அடிமட்டத்தை நோக்கி இறங்கி ஒரே இடத்தில் குவியும். தேடும் செலவு சிறியதாக இருந்தாலும் இந்த விளைவு பெரியதாக இருக்கலாம் என்பதுதான் அந்தக் கட்டுரையை வாசித்தவர்களைத் திடுக்கிட வைத்தது. நடைமுறையில் வேறு பல காரணங்களும் சேர்ந்தே சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன. இருந்தாலும் விளம்பரத்தில் சம்பளத்தை எழுதாமல் "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று போடும் வழக்கம் யாருக்கு ஆதாயம் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஆதாயத்துக்கு முதலாளியும் விலை கொடுக்கிறார். உங்கள் மைத்துனரின் குறைக்கு இங்கேதான் விடை இருக்கிறது. எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஓர் எழுத்தர் பணிக்கு ஆள் எடுப்பதையே சோதனையாக நடத்தினார்கள். அதன் முடிவு 2021இல் வெளிவந்தது. விண்ணப்பிக்க வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு, வந்து விண்ணப்பித்ததற்காகவே ஒரு சிறு தொகை கொடுக்கப்பட்டது. பணத்துக்காக யார் வேண்டுமானாலும் வருவார்கள், தரம் குறையும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு: அந்தத் தொகை கூடுதல் திறமை உள்ளவர்களை அழைத்து வந்தது. விண்ணப்பிப்பதற்கு ஆகும் செலவு பெரியது என்பதோடு, திறமையானவர்களுக்கே அது கூடுதலாகச் சுமையாக இருந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதைப் படித்துவிட்டு உங்கள் மைத்துனரின் சொல்லைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். "வருகிறவர்கள் தேறவில்லை" என்று அவர் சொல்வது உண்மை. வராதவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. சம்பளம் குறிப்பிடாத ஒரு விளம்பரத்தை நம்பி 4,800 ரூபாய் செலவழிக்க முடியாதவர்கள் எல்லாரும் அவருடைய கதவுக்கு வெளியிலேயே வடிகட்டப்பட்டுவிட்டார்கள். ஐந்து மாதம் காலியாகக் கிடந்த இரண்டு நாற்காலிகளால் அவருடைய நிறுவனத்துக்கு ஆன இழப்போடு ஒப்பிட்டால், நேர்காணலுக்கு வருபவர்களுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுப்பது அற்பத் தொகை.

அப்படியானால் தேடும் செலவைப் பூஜ்யமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. கைபேசியில் ஒரு தட்டு தட்டி நூறு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் வசதி வந்த பிறகு நடந்தது என்ன? ஒரு கணக்காளர் இடத்துக்கு ஆயிரம் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. அத்தனையையும் படிக்க யாருக்கும் நேரமில்லை. ஆகவே படித்து முடித்து எத்தனை ஆண்டுகள் ஆயின, எந்தக் கல்லூரி, அரியர் இருந்ததா, உள்ளே யாரைத் தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு கழிக்கிறார்கள். தேடுபவரிடமிருந்து விலகிய செலவு, தேர்ந்தெடுப்பவரின் மேசையில் போய் உட்கார்ந்துகொண்டது. இதில் ரயில்வே தேர்வு வாரியங்கள் கையாண்ட ஒரு முறை எனக்குப் பிடிக்கும். 2019இல் தொழில்நுட்பம் சாராத பிரிவுகளின் ஏறத்தாழ 35,000 இடங்களுக்கு ஒன்றேகால் கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். பொதுப் பிரிவினருக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆனால் முதல்கட்டத் தேர்வை எழுதினால் அதில் 400 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட பிரிவினருக்கு 250 ரூபாய். எழுதினால் வங்கிக் கழிவு போக முழுவதும் திரும்பும். பொழுதுபோக்காக விண்ணப்பிப்பவரைத் தடுக்கிறது, உண்மையாக எழுத வருபவரின் கையைக் கடிப்பதும் இல்லை. கூட்டத்தைப் பார்த்தால் அது முழுமையாக வேலை செய்தது என்று சொல்ல முடியாது. என்றாலும் செலவை யார் மேல், எந்தக் கட்டத்தில் வைப்பது என்று யோசித்த தடயம் அதில் தெரிகிறது.

நம் மாநிலத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் பயணம் செய்கிறார்கள். உள்ளூரில் வேலை தேடும் பெண்ணுக்கு அது நேரடியான உதவி. தென்காசியிலிருந்து சென்னைக்குப் போகும் உங்கள் மகளுக்கு அது பயன்படாது. இன்னொரு உதவியும் உண்டு: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து ஆண்டுகள் காத்திருக்கும் பட்டதாரிக்கு, குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால், மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தேடும் உதவி தேவைப்படுவது முதல் ஆறு மாதத்தில். ஐந்து ஆண்டு கழித்து வரும் 600 ரூபாய் யாரையும் நேர்காணலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதே தொகையை முன்னதாக, நேர்காணல் கடிதத்தைக் காட்டுபவருக்குப் பயணப்படியாகக் கொடுத்தால் பலன் கூடுதலாக இருக்கும் என்பது என் கருத்து.

இந்தக் கருத்துக்கு எதிரான சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிஸ் அபாபாவிலேயே, காலியிடங்களை ஒட்டும் பலகைகள் இருக்கும் நகர மையத்துக்கு வந்துபோக இளைஞர்களுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்துப் பார்த்தார்கள். சில மாதங்களில் நிரந்தர வேலை பெற்றவர்கள் கூடினார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் தேய்ந்துவிட்டிருந்தது. அதே ஆய்வில், தன் திறமையை எப்படி எடுத்துக் காட்டுவது என்ற பயிற்சியும் தேர்வுச் சான்றிதழும் பெற்ற குழுவினரின் வருமானமோ நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் உயர்ந்தே இருந்தது. பிரான்சில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2013இல் வெளியானது. வேலை தேட உதவி பெற்ற இளைஞர்கள் முன்னேறியபோது, அதே ஊரில் உதவி பெறாதவர்கள் பின்தங்கினார்கள் என்று அது காட்டியது. வரிசையின் நீளம் மாறாமல் வரிசையில் நிற்பவர்களின் இடம் மட்டும் மாறிய நிலை அது. ஆகவே தேடும் செலவைக் குறைத்தால் வேலையின்மை மறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் மைத்துனரின் அலுவலகத்தில் இருப்பதுபோல், ஆள் வராததால் நிரப்பப்படாமலே கிடக்கும் இடங்கள் உள்ள துறைகளில் அது வேலையைக் கூட்டும். இடமே இல்லாத துறைகளில் வரிசையைத்தான் மாற்றும்.

இனி உங்கள் மகள் செய்ய வேண்டியவை. அவளுடைய கையில் இருந்தும் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் சொத்து, அந்த ஆடிட்டர் அலுவலகத்து எட்டு மாதம். தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதத்தை இணைத்து அனுப்பியபோது அழைப்புகள் ஏறத்தாழ 60 சதவீதம் கூடின. பெண்களுக்குத்தான் பலன் மிகுதியாக இருந்தது. "நல்ல பெண், நேர்மையானவர்" என்று பொதுவாக எழுதும் கடிதத்தால் பயனில்லை. எத்தனை வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்தாள், எந்தப் படிவங்களைத் தானே தாக்கல் செய்தாள், வங்கிப் பதிவுகளை நிறுவனக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஒத்திசைவைத் தனியாகச் செய்தாளா என்று கடிதம் சொல்ல வேண்டும். ஆடிட்டரின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

அடுத்தது, நேர்காணலின் விலையைக் குறைப்பது. எந்த நிறுவனம் அழைத்தாலும், புறப்படும் முன் மூன்று செய்திகளைத் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள்: சம்பளம் எந்த வரம்புக்குள், முதல் சுற்றைக் காணொளியில் வைத்துக்கொள்ள முடியுமா, நேரில் வந்தால் அன்றே முடிவு சொல்வார்களா. கேட்டால் தவறாக நினைப்பார்கள் என்ற தயக்கம் வேண்டாம். சம்பள வரம்பைச் சொல்லவே மறுக்கும் இடத்துக்கு 4,800 ரூபாய் செலவழித்துப் போகத் தேவையில்லை. தென்காசியில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குப் போவதும், தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவதும் ஏறத்தாழச் செலவில்லாதவை. முகாமில் வருபவை பெரும்பாலும் விற்பனை வேலைகளாக இருக்கலாம். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம், ஒரே நாளில் பல நிறுவனங்களைச் சந்திப்பது உங்கள் நிலையில் பெரிய மிச்சம்.

நகையை அடகு வைத்து மூன்று மாதம் தங்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தங்கித் தேடும் யோசனை தவறில்லை. அது ஒவ்வொரு நேர்காணலின் விலையையும் 4,800இலிருந்து சில நூறு ரூபாய்க்குக் கொண்டுவருகிறது. காணொளிச் சுற்றைத் தாண்டிய நான்கைந்து அழைப்புகளாவது கையில் சேரும்வரை ஊரிலிருந்தே தேடட்டும். சேர்ந்த பிறகு, கடன் இல்லாமல், ஒரு மாதம் மட்டும் போகட்டும். அரசின் தோழி மகளிர் விடுதிகளில் குறுகிய காலம் தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் ஒன்றும் அமையவில்லையென்றால் திரும்பி வந்துவிடுவது என்று போகும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்; போன இடத்தில் முடிவு செய்வது கடினம்.

அந்த ஒரு மாதத்தில் மீண்டும் 13,000 ரூபாய் வேலைதான் வந்தால், இம்முறை ஏற்கலாம் என்பேன். வேலையை ஏற்பது தேடுவதை நிறுத்துவது ஆகாது. சென்னையில் இருந்துகொண்டே அடுத்த வேலையைத் தேடுபவருக்குத் தேடும் செலவு தாம்பரத்துப் பெண்ணின் செலவுதான். அந்தச் சலுகைக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் கணக்கிட வேண்டும். இதற்கு ஒரே நிபந்தனை: அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனத்திலும், இத்தனை ஆண்டு இருக்க வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கும் நிறுவனத்திலும் சேரக் கூடாது. அடுத்த வேலை தேடும் செலவை வேண்டுமென்றே உயர்த்தி, ஊழியரைக் குறைந்த சம்பளத்தில் கட்டிப்போடும் ஏற்பாடு அது. சரிபார்க்கக் காட்டலாம்; கொடுத்துவிட்டு வரக் கூடாது.

உங்கள் மைத்துனர் விஷயத்தில், வேலை கேட்க மனம் வரவில்லை என்பதை மதிக்கிறேன். ஆனால் வேலையைக் கேட்பதும் தகவலைக் கேட்பதும் வேறு. அந்த இரண்டு இடங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், வந்தவர்கள் எந்தக் கேள்வியில் தடுமாறினார்கள், கோவையில் வேறு எந்த நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன என்று கேளுங்கள்; பதில் சொல்ல அவருக்கு ஒரு சங்கடமும் இராது. விளம்பரத்தில் சம்பளத்தை எழுதி, முதல் சுற்றைத் தொலைபேசியில் வைத்து, இரண்டாம் சுற்றுக்கு வருபவருக்குப் பயணப்படி கொடுத்துப் பார்க்கும்படி நான் சொன்னதாகவும் சொல்லுங்கள். அப்போதும் அவருடைய இடங்கள் காலியாக இருந்தால், உங்கள் மகள் மற்றவர்களைப் போல விண்ணப்பித்து, அவர் உட்காராத தேர்வுக் குழுவின் முன் போகட்டும்.

ஆடிட்டரிடம் கடிதம் கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். செப்டம்பர் 30, தணிக்கை அறிக்கைக்கான கெடு. அது நெருங்கினால் அவர் தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார்.